மந்திரவாதியின் கையைக் கட்டாதீர்கள்

எதிரி மந்திரவாதியிடம் ஐந்து மந்திரங்கள் இருந்தால் அவற்றுள் ஆகக் கொடியதைக் கேம் மாஸ்டர் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் அதைத் தாங்கக்கூடியவர் மேல்தான் போட வேண்டும். ஆட்டக்காரர் சொல்லும் மந்திரத்தை இடைமறித்துக் கலைக்கக் கூடாது. யாரையும் நெடுநேரம் செயலிழக்கச் செய்யக் கூடாது. விழுந்து கிடப்பவரைத் தொடவே கூடாது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மேசைகளில் இந்தக் கருத்து இன்று ஏறக்குறைய ஒழுக்கவிதியாகவே நிலைத்துவிட்டது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் யாரும் அதை எதிர்த்துப் பேசுவதில்லை. நான் எதிர்க்கிறேன். இந்த இரக்கம் ஆட்டக்காரர்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்களை ஏமாற்றுகிறது.

ஆடிப் பழகாதவர்களுக்காகச் சில வரிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ஆட்டம் இது. நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள்: வாள்வீரர், திருடர், க்ளெரிக் என்ற பூசாரி, மந்திரவாதி என்று. மேசையின் மறுபக்கம் உட்காருபவர் கேம் மாஸ்டர். ஊர், காடு, கோட்டை, அரசன், எதிரி எல்லாம் அவர் பொறுப்பு. அடி பட்டதா, எவ்வளவு பட்டது என்பதைப் பகடை சொல்லும். எதிரி எந்த மந்திரத்தை எடுக்கிறான், யாரைக் குறிவைக்கிறான், எப்போது ஓடுகிறான் என்பதைப் பகடை சொல்லாது. அங்கே கேம் மாஸ்டரின் மனசாட்சிதான் விதி. அந்த மனசாட்சி எதைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதே வழக்கு. இனி வரும் எண்கள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பினுடையவை. 2024 திருத்தம் மாற்றிய இடங்களைத் தனியே சொல்கிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதை அதன் முழு வலுவோடு முன்வைப்பதுதான் முறை. அவர்கள் சொல்வது இது. மாலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கி வந்து உட்காரும் ஒருவரைப் பார்த்து ‘நீ செயலிழந்துவிட்டாய், சும்மா இரு’ என்றால் அவர் எதற்கு வந்தார்? ஆட்டக்காரருக்கு ஒரே பாத்திரம்; மாதக்கணக்கில் வளர்த்தது. கேம் மாஸ்டருக்கோ எதிரிகள் கணக்கில்லாதவர்கள். ஆட்டக்காரரின் மந்திரவாதி நாள் முழுவதற்கும் சேர்த்துத் தன் மந்திரங்களைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். எதிரி மந்திரவாதிக்கு நாளை என்பதே கிடையாது; இருப்பதையெல்லாம் மூன்றே சுற்றில் கொட்டித் தீர்க்கலாம். போதாததற்கு, கேம் மாஸ்டருக்கு எல்லாருடைய பலவீனமும் தெரியும். ஆக, அவர் முழு மூளையோடு ஆடினால் அது சமமான சண்டையாக இருக்காது. இவற்றில் சில உண்மை. உண்மையானவற்றிலிருந்து தவறான முடிவுக்குப் போகிறார்கள் என்பதே என் வாதம்.

1. இந்த இரக்கத்துக்கு விலை கொடுப்பது யார்? கேம் மாஸ்டர் கொடுப்பதில்லை. முன்யோசனையோடு வந்த ஆட்டக்காரர் கொடுக்கிறார்.

ஒரு மேசையில் பாலடின் என்ற புனித வீரரை ஆடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நிலையில் அவருக்கு ஒரு வரம் கிடைக்கிறது: பத்தடிக்குள் நிற்கும் தோழர்கள் அனைவரும் மந்திரங்களிலிருந்தும் மற்ற ஆபத்துகளிலிருந்தும் தப்பிக்க வீசும் பகடையில் அவருடைய கரிஸ்மா மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம். ஐந்தாம் பதிப்பின் மிக வலுவான காப்புகளில் இது ஒன்று. அதற்காக அவர் ஆறு நிலைகள் காத்திருந்தார். கூட்டத்தைவிட்டு விலகிப் பாய்ந்து அடிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு நடுவில் நின்றார். க்ளெரிக் ஆடுபவர் காயம் ஆற்றும் மந்திரம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு சைலன்ஸ் மந்திரத்தைத் தயார் செய்து வந்தார். இருபதடி ஆரத்துக்குள் ஒலியே எழாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டிய எந்த மந்திரமும் அங்கே பலிக்காது. வாள்வீரர் தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு, மனவலிமைக்கான பயிற்சியை வாங்கினார். இன்னொருவர் மேஜ் ஸ்லேயர் என்ற திறனை எடுத்தார். அது மந்திரவாதிகளை மடக்குவதற்காகவே உள்ள திறன்.

இவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றை இழந்துதான் இதைப் பெற்றார்கள். இப்போது எதிரி மந்திரவாதி மனதை வசப்படுத்தும் மந்திரங்களை எடுக்காமல் திறந்தவெளியில் நின்று நெருப்பு அம்பு மட்டும் விடுகிறான் என்றால் என்ன ஆகும்? எதைப் பற்றியும் யோசிக்காமல் அடிபலத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தவர் அன்றைய நாயகர் ஆவார். யோசித்தவர்களின் முயற்சி வீணாகும். கேம் மாஸ்டர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார். அதுவும் எடுக்கப்பட்டவருக்குத் தெரியாமல்.

சில மாதங்களில் பாலடின் ஆடுபவரும் கற்றுக்கொள்வார். அடுத்த பாத்திரத்தை அடிபலத்துக்காகவே கட்டுவார். எல்லாரும் அடிக்க மட்டுமே தெரிந்தவர்களாக இருக்கும் மேசை இப்படித்தான் உருவாகிறது. அதன்பின், ‘எங்கள் ஆட்களால் எதையும் தாங்க முடியாது, எதிரியை மென்மையாக ஆடுங்கள்’ என்ற கோரிக்கை வரும். நோய்க்கு மருந்தாக நோயையே கொடுக்கும் வட்டம்.

2. எதிரி மந்திரவாதி உண்மையிலேயே அவ்வளவு பலசாலியா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2014 மான்ஸ்டர் மேனுவலில் ‘மேஜ்’ என்ற பெயரில் வரும் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 40. ஐந்தாம் நிலை வாள்வீரர் பெரிய வாளால் இரண்டு முறை வெட்டி இரண்டும் பட்டால் சராசரி 22. அதே நிலைத் திருடர் மறைந்திருந்து விடும் ஓர் அம்பு சராசரி 18. கூட்டினால் 40. மேசையில் இன்னும் இரண்டு பேருடைய முறை வரவே இல்லை, மந்திரவாதி செத்தாகிவிட்டது. ஷீல்ட் மந்திரம் போட்டு ஓர் அடியைத் தடுக்கலாம். ஆனால் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் ஒரே எதிர்வினையை அதற்குச் செலவிட்டவனால் அந்தச் சுற்றில் எதிராளியின் மந்திரத்தைக் கலைக்க முடியாது.

அவனுக்குச் சுற்றுக்கு ஒரு செயல். எதிரே நான்கைந்து செயல்கள். இந்த ஆட்டத்தில் தனியாக நிற்கும் மந்திரவாதி எப்போதுமே பின்தங்கியவன். அவன் தூணுக்குப் பின்னால் ஒளிவதும், கண்ணுக்குத் தெரியாமல் மறைவதும், அடியாட்களை முன்னால் நிறுத்துவதும் கொடுமையல்ல. இரண்டாம் சுற்றைப் பார்ப்பதற்கான குறைந்தபட்ச ஏற்பாடு. அதையும் செய்யாதே என்பவர்கள், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசில் தங்கள் கையையும் வைக்கிறார்கள்.

இதைப் பழைய ஆட்டக்காரர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1978, 1979 ஆண்டுகளில் வந்த, இந்த ஆட்டத்தின் அட்வான்ஸ்டு விதிகளில், மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அடி விழுந்தாலே மந்திரம் கலைந்துவிடும். அதனால் எதிரி மந்திரவாதியைக் கண்டதும் எல்லாரும் கையில் இருப்பதை எறிந்தார்கள். அவனும் அது தெரிந்து சுவருக்குப் பின்னால் நின்றான். 1987 நவம்பரில் ‘டிராகன்’ இதழின் 127ஆம் எண்ணில் ரோஜர் மூர் எழுதிய தலையங்கத்தில் வரும் கோபால்டுகளை இன்றும் பேசுகிறார்கள். இந்த ஆட்டத்தின் ஆக அற்பமான எதிரிகள் அவை. சந்துகளையும் நெருப்பையும் ஒழுங்கையும் மட்டும் வைத்து, மேல்நிலைப் பாத்திரங்களைக் கதிகலங்க வைத்தன. அற்பமான கோபால்டுக்கு மூளை இருக்கலாம், வாழ்நாளெல்லாம் படித்தே கழித்த மந்திரவாதிக்கு இருக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

3. ‘சும்மா உட்கார வைக்கிறீர்களே’ என்ற குற்றச்சாட்டு நியாயமானது. குற்றவாளி மட்டும் வேறு.

ஒருவரை அசையவிடாமல் நிறுத்துவதால் அதிகமாகத் திட்டு வாங்கும் ஹோல்ட் பெர்சன் மந்திரத்தையே பார்ப்போம். கீழ்நிலை மேசைகளில் இதைப் போடுபவன் பெரும்பாலும் ‘கல்ட் ஃபனாட்டிக்’ எனப்படும் வெறிபிடித்த பூசாரி. அவனுடைய மந்திரத்திலிருந்து தப்பிக்கப் பகடையில் 11 வந்தால் போதும். மனவலிமையில் கூட்டல், கழித்தல் எதுவும் இல்லாத வாள்வீரருக்கே பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதலில் சிக்கிவிட்டாலும் தன் முறை முடியும் ஒவ்வொரு தடவையும் மீண்டும் வீசலாம். ஆக, சிக்கியவர் சராசரியாக இழப்பது இரண்டு முறை. இடையில் தோழர்களில் ஒருவர் பூசாரியை அடித்தால், அவன் கவனம் கலைய நூற்றுக்கு 40 வாய்ப்பு. இரண்டு அடி பட்டால் 64. கவனம் கலைந்தால் மந்திரம் உடனே விட்டுவிடும்.

இதில் சும்மா இருப்பவர் ஒருவர்தான். மற்ற மூவருக்கும் அந்தச் சுற்றில் கிடைத்திருப்பது சண்டையின் மிகத் தெளிவான குறிக்கோள்: நம் ஆளை மீட்க வேண்டும், அதற்குப் பூசாரியை எட்ட வேண்டும், அவனுக்கும் நமக்கும் இடையில் மூன்று அடியாட்கள் நிற்கிறார்கள், அசையாமல் நிற்கும் நம் ஆளை அவர்கள் நெருங்கி அடித்தால் பட்ட ஒவ்வோர் அடிக்கும் சேதப் பகடை இரட்டிப்பாகும். யாராவது ஒருவர் குறுக்கே போய் நிற்க வேண்டும். இந்த நெருக்கடி வேறு எதிலிருந்து வரும்? உயிர்ப்புள்ளி குறைவதிலிருந்து வராது. ஒரு வாரம் கழித்து யாரும் ‘அன்றைக்கு எனக்குப் பதினாறு குறைந்தது’ என்று பேசுவதில்லை. ‘நீ அசையாமல் நின்றபோது நான் குறுக்கே வந்து நின்றேனே’ என்றுதான் பேசுகிறார்கள்.

இரண்டு முறை இழப்பது நாற்பது நிமிடமாக நீள்கிறது என்றால், ஒவ்வொருவரும் தன் முறை வந்த பிறகுதான் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள் என்று பொருள். அதைத் திருத்துங்கள். சிக்கியவர் கையில் அடியாள் ஒருவனின் பகடையைக் கொடுங்கள். மந்திரத்தைத் தடைசெய்து மெத்தனத்தைக் காப்பாற்றாதீர்கள்.

எல்லா மந்திரமும் இப்படி இரண்டு முறையில் விடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபீபிள்மைண்ட் என்ற எட்டாம் நிலை மந்திரம் அறிவை வேரோடு பிடுங்கிவிடும். தப்பிக்க அடுத்த வாய்ப்பு முப்பது நாள் கழித்து. ஃபோர்ஸ்கேஜ் ஒருவரை ஒரு மணி நேரம் கண்ணுக்குத் தெரியாத கூண்டில் அடைக்கும். 2014 விதியில் அதைக் கலைக்கக் கவனத்தைச் சிதறடித்தும் பயனில்லை. 2024 திருத்தம் அதற்குக் கவனம் தேவை என்று மாற்றியது. இவை உங்கள் மேசைக்கு வேண்டாம் என்றால் எதிரியின் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். பட்டியலில் வைத்துவிட்டு, ஆபத்தான நேரத்தில் அவனுக்கு மறதி வந்ததுபோல் நடிப்பது வேறு வேலை. அதற்கு ஐந்தாம் பகுதியில் வருகிறேன்.

4. ‘என் மந்திரத்தைக் கலைத்துவிட்டான்’ என்பது முறையீடா, பாடமா?

பிறர் சொல்லும் மந்திரத்தைக் கலைக்கும் கவுன்டர்ஸ்பெல்லுக்கு எல்லைகள் இருக்கின்றன. அறுபது அடிக்குள் இருக்க வேண்டும். எதிராளி மந்திரம் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சுற்றுக்கு ஒன்றுதான். அவனுக்கும் ஒரு மந்திரம் செலவாகும். ஆகவே எழுபதடியில் நில்லுங்கள். ஃபயர்பால் நூற்றைம்பது அடி போகும். மூடுபனிக்குள்ளிருந்தோ தூணுக்குப் பின்னாலிருந்தோ சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு பேர் மந்திரம் தெரிந்தவர்கள் என்றால் ஒருவர் முதலில் சொல்லி அவன் எதிர்வினையைத் தின்றுவிடுங்கள், மற்றவர் பெரியதைப் போடுங்கள். எதிரி ஒரே ஒரு முறை கவுன்டர்ஸ்பெல் போட்ட மேசையில் அடுத்த சண்டையிலேயே இவையெல்லாம் தாமாக நடக்கத் தொடங்கும். ஒருபோதும் போடாத மேசையில் மந்திரவாதி ஆடுபவர் பத்து நிலை ஏறிய பின்னும் முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

2024 திருத்தம் வந்தபின் இந்த முறையீட்டுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கலைக்கப்படுபவருக்கு உடல்வலிமையால் தப்பிக்க ஒரு வீச்சு உண்டு. தோற்றாலும் அவருடைய ஸ்லாட், அதாவது நாளுக்கு இத்தனை மந்திரம் என்ற கணக்கில் ஒன்று, செலவாகாது.

5. அவன் எல்லாவற்றையும் மூன்று சுற்றில் கொட்டிவிடுவான் என்பது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். முழுவதும் உண்மை. அதனாலேயே அதற்கான இடத்தில் அதைத் தீர்க்க வேண்டும்.

அந்த இடம் சண்டைக்கு முந்தைய நாள். கேம் மாஸ்டர் தனியாக உட்கார்ந்து எதிரியை உருவாக்கும் நேரம். அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் இரங்கலாம். பதினெட்டாம் நிலை மந்திரவாதி வேண்டாம், ஒன்பதாம் நிலை போதும் என்று முடிவெடுக்கலாம். காலையில் நகரக் காவலர்களோடு மோதியதில் பாதி ஸ்லாட்டைச் செலவழித்துவிட்டான் என்று எழுதிக்கொள்ளலாம். அவன் சண்டைக்காரனே இல்லை, ஜோதிடம் பார்ப்பவன் என்று பட்டியலை மாற்றலாம். அறையில் மறைவிடங்கள் வைக்கலாம், இரண்டாவது கதவு வைக்கலாம். ஆட்டத்தை வெளியிடுபவர்களும் இந்தத் திசையில்தான் போனார்கள்: 2022இல் வந்த ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவெர்ஸ்’ நூலில் மந்திரவாதி எதிரிகளின் ஸ்லாட் கணக்கை எடுத்துவிட்டு, நாளுக்கு இத்தனை முறை என்ற சின்னப் பட்டியலைக் கொடுத்தார்கள். பட்டியலைச் சுருக்கினார்களே தவிர, இருப்பதை மந்தமாக ஆடு என்று சொல்லவில்லை.

இன்னொரு கடமையும் அந்த முந்தைய நாளுக்கு உரியது. எதிரி எப்படிப்பட்டவன் என்பதை ஆட்டக்காரர்கள் அவனைச் சந்திப்பதற்கு முன்பே உணர வழி செய்ய வேண்டும். கருகிய வாசல், கல்லாகச் சமைந்த காவலர், அவன் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தும் ஊர்க்காரர்கள். இதையெல்லாம் காட்டிய பின் அவர்கள் எந்த ஏற்பாடும் இல்லாமல் வாசலை உதைத்துத் திறந்தால், அது அவர்கள் எடுத்த முடிவு. அதை மதியுங்கள்.

சண்டை தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. அதற்குப் பிறகு காட்டும் இரக்கம் ரகசியமானது. திரைக்குப் பின்னால் பகடையின் எண்ணை மாற்றிச் சொல்வதும், கையில் இருக்கும் டிஸின்டகிரேட் என்ற கொடிய மந்திரத்தை விட்டுவிட்டு நெருப்பு அம்பு விடுவதும் ஒரே செயலின் இரண்டு வடிவங்கள். ஆட்டக்காரர்கள் வென்றோம் என்று நினைக்கிறார்கள். வெற்றியை அவர்களுக்குக் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இதன் விளைவு அன்றோடு முடிவதில்லை. பின்வாங்க வேண்டிய நேரம் எது என்பதை அவர்கள் கற்கவே இல்லை. அடுத்து வரும் லிச் என்ற சாகாத மந்திரவாதியின் முன்னாலும் அப்படியே நிற்பார்கள், ஏனென்றால் இதுவரை நின்றது போதுமானதாக இருந்தது. அப்போது கேம் மாஸ்டருக்கு இரண்டே வழி: இன்னும் பெரிய பொய், அல்லது எச்சரிக்கையே இல்லாமல் ஒரு படுகொலை. இரண்டுக்கும் காரணம் முதலில் காட்டிய இரக்கம்.

ஒருநாள் அவர்களுக்குத் தெரியவும் வரும். நான்கு பேர் வாரந்தோறும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரி எப்போதும் சரியாக அந்த நேரத்தில் முட்டாளாவதை எத்தனை நாள் கவனிக்காமல் இருப்பார்கள்? அன்று இழப்பது ஒரு வெற்றியை மட்டுமல்ல. அதுவரை வென்ற ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம் விழும்.

6. ‘கேம் மாஸ்டருக்கு எல்லாம் தெரியுமே’ என்பவர்கள், ஈவிரக்கமற்றவனையும் எல்லாம் அறிந்தவனையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

நான் கேட்பது, மந்திரவாதி தனக்குத் தெரிந்ததை வைத்துத் தன் முழு அறிவோடு ஆட வேண்டும் என்பது. மேசையில் ஆட்டக்காரர்கள் கிசுகிசுத்த திட்டம் அவனுக்குத் தெரியாது. யாருக்கு மனவலிமை குறைவு என்று தாளில் எழுதியிருப்பது தெரியாது. கனத்த கவசம் போட்டவனால் வேகமாக விலக முடியாது என்று ஊகிக்கலாம். ஊகம் தவறினால் மந்திரம் வீண், அந்த இழப்பையும் அவன் ஏற்க வேண்டும். க்ளெரிக் யார் என்பது முதல் காயம் ஆறும் வரை தெரியாது. ஆறிய அந்த நொடியிலிருந்து தெரியும்.

விழுந்து கிடப்பவரை அடிக்கலாமா என்ற பழைய சண்டைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. முதல் முறை ஒருவர் விழும்போது மந்திரவாதிக்கு அவர் ஒழிந்தார். நின்றுகொண்டிருக்கும் நால்வரை விட்டுவிட்டுக் கீழே கிடப்பவர் மேல் மூன்றாம் நிலை மந்திரத்தை வீணாக்குபவன் முட்டாள். ஆனால் ஹீலிங் வேர்ட் மந்திரத்தை அறுபதடி தூரத்திலிருந்து ஒரு சொல்லாகச் சொல்லி க்ளெரிக் அவரை எழுப்பிவிட்டால், எழுந்தவர் அதே சுற்றில் வாளை வீசினால், கணக்கு மாறிவிட்டது. விழுந்தவர் மீண்டும் எழுவார் என்பதை இப்போது அவன் கண்ணால் பார்த்துவிட்டான். இரண்டாம் முறை அவன் ஃபயர்பாலை வைக்கும் இடத்தில் விழுந்தவரும் சேர்ந்தே அகப்படலாம். அல்லது எழுப்புபவரை முதலில் வீழ்த்தப் பார்ப்பான். ஆட்டக்காரர்களால் இதை முன்கூட்டியே ஊகிக்க முடியும். எழுப்புவதா, இழுத்துக்கொண்டு ஓடுவதா என்று அவர்கள் யோசிக்க வேண்டி வரும். விழுந்தவரைத் தொடவே கூடாது என்ற தடை இந்த யோசனையைக் கொன்றுவிடுகிறது. உயிர்ப்புள்ளி பூஜ்யமாவதில் எந்தப் பொருளும் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

மறுபக்கம் ஒன்றையும் எதிர்த்தரப்பு கவனிப்பதில்லை. முழு அறிவோடு ஆடும் மந்திரவாதி சாக விரும்பமாட்டான். பாதி உயிர்ப்புள்ளி போனதும் மிஸ்டி ஸ்டெப் போட்டு முப்பதடி தாண்டுவான். டைமென்ஷன் டோர் இருந்தால் ஐந்நூறு அடிக்கு அப்பால் இருப்பான். முப்பது வருடம் படித்தவன் ஒரு கிடங்கு அறைக்காக உயிரைக் கொடுப்பானா? கடைசி மூச்சு வரை நின்று அடித்து ஒருவரைக் கூடவே கொண்டுபோகிறவன், கேம் மாஸ்டர் யோசிக்காமல் ஆடும் மந்திரவாதிதான். யோசித்து ஆடப்படுபவன் தோற்கத் தொடங்கியதும் பேரம் பேசுவான், பணயக்கைதி பிடிப்பான், ஓடுவான், மூன்று மாதம் கழித்து இவர்களுடைய பலவீனம் தெரிந்தவனாகத் திரும்பி வருவான்.

7. ‘பாத்திரம் செத்தால் கதை செத்தது.’ இல்லை.

முதலில் சாவே அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஐந்தாம் நிலை மந்திரவாதிப் பாத்திரத்துக்கு, உடல்வலிமை சுமாராக இருந்தால், உயிர்ப்புள்ளி 32. ஃபயர்பாலின் சராசரி 28; சிக்கினாலும் நிற்பார். எட்டுப் பகடையிலும் ஆறே விழுந்து 48 ஆனாலும் மயங்கி விழுவாரே தவிர அந்த நொடியில் சாகமாட்டார். செத்தாலும் ஒரு நிமிடத்துக்குள் 300 பொன் மதிப்புள்ள வைரம் இருந்தால் ரிவிவிஃபை எழுப்பிவிடும். இவ்வளவு மெத்தைகளுக்கு மேல் இன்னொரு மெத்தை எதற்கு?

அடுத்து, கதை. இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டும் ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியின் இரண்டாம் தொடரில், 2018இல், மோலிமாக் என்ற பாத்திரம் சண்டையில் நினைவிழந்து விழுந்தது. மந்திரமும் தெரிந்த ஓனி அரக்கனான லொரென்சோ, விழுந்து கிடந்தவனைக் கொன்றான். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்பது அவனுடைய எண்ணம். அடிமை வியாபாரி அப்படித்தான் எண்ணுவான். ஆட்டத்தை நடத்திய மாத்யூ மெர்சர் அவன் கையைப் பிடிக்கவில்லை. அதன்பின் அந்தக் குழு அவனைத் தேடிப் போய்க் கணக்குத் தீர்த்தது. இறந்தவனின் உடலும் அதன் முந்தைய வாழ்வும் 2021இல் அந்தத் தொடரின் இறுதிக் கட்டத்துக்கே மையமாயின. அன்று லொரென்சோவுக்கு மனமிரங்கியிருந்தால் இந்த மூன்று ஆண்டுக் கதை இப்படி எழுந்திருக்காது.

ஈவிரக்கமில்லாமல் ஆடினால் கொல்லத்தான் வேண்டும் என்பதும் தவறான எண்ணம். டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் 1983இல் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ என்ற ஆட்டக்கதையில் வரும் ஸ்ட்ராட் மந்திரமும் கற்ற ரத்தக்காட்டேரி. 2016இல் ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ ஆக விரிந்த கதையில் அவன் நினைத்தால் முதல் வாரத்திலேயே அனைவரையும் முடித்துவிடலாம். தொலைவிலிருந்து பார்க்கும் மந்திரம் இருக்கிறது, தன் கோட்டையில் சுவர்களை ஊடுருவி நடப்பான். ஆனால் அவன் ஆசை வேறு: ஒரு பெண்ணின் மேலும், தன் சலிப்பைத் தீர்க்கும் புதிய ஆட்களின் மேலும். அதனால் விருந்துக்கு அழைக்கிறான், சோதிக்கிறான், பிரிக்கிறான், காயப்படுத்திவிட்டு விலகுகிறான். அவன் ஆசையை விட்டுவிட்டு அவனை மென்மையாக ஆடினால் ஸ்ட்ராட் வெறும் பல் முளைத்த பிரபு. ஆசையோடு முழுக்க ஆடினால் ஆட்டக்காரர்கள் பிழைத்திருப்பதே அச்சமூட்டும். ‘நாம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறோம்’ என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளத் தொடங்கும் மாலையில்தான் அந்தக் கதை தொடங்குகிறது.

கடைசியாக, புதியவர்களும் சிறுவர்களும் உட்காரும் மேசை. அங்கேயாவது இரக்கம் வேண்டாமா என்று கேட்பார்கள். நிச்சயம் வேண்டும். ஆட்டம் தொடங்குமுன், எவ்வளவு ஆபத்தான கதை வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். பிறகு மந்திரவாதியைச் சிறியவனாக்குங்கள், முட்டாளாக்காதீர்கள். யாரோ பெரிய மந்திரவாதியிடம் பாடம் கற்கும் பையன் ஒருவனை வையுங்கள். அவனுக்கு ஸ்லாட் இரண்டு; ஸ்லீப், மேஜிக் மிசைல், ஷீல்ட் என்று மூன்று மந்திரம். அவன் கதவைத் தாழிட்டுவிட்டு மாடி ஜன்னல் வழியாக ஸ்லீப் போடட்டும். இரண்டு பேர் தூங்கி விழுந்ததும் மற்றவர்களிடம் ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லட்டும். அவர்கள் மறுத்துத் தூங்குபவர்களை உலுக்கி எழுப்பினால் இரண்டாவது ஸ்லாட்டை மேஜிக் மிசைலுக்குப் போடுவதா, ஷீல்டுக்கு வைத்துக்கொள்வதா என்று யோசிக்கட்டும். அதுவும் தீர்ந்ததும் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி ஓடட்டும். அங்கே அவர்களில் ஒருவர் முன்யோசனையோடு காத்திருந்தால், கோலைக் கீழே போட்டுவிட்டு, குரு எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்லிப் பேரம் பேசட்டும்.